ஊசி வந்த பிறகும் ஊரடங்கு ஏன்? 2021 மே மாதத்தின் கணக்கு

2021 மே 10ஆம் தேதி தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு தொடங்கியபோது, இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கி ஏறக்குறைய நான்கு மாதம் ஆகியிருந்தது. முந்தைய ஆண்டு யாரும் கேட்டிருக்க முடியாத ஒரு கேள்வி அப்போது தெருவெங்கும் கேட்டது: "அதான் ஊசி வந்துருச்சே, இன்னும் எதுக்குக் கடையை மூடச் சொல்றாங்க?"

நியாயமான கேள்வி. 2020இல் கையிருப்பைக் கரைத்து, நகையை அடகு வைத்துச் சமாளித்த குடும்பங்கள் கேட்ட கேள்வி. அதற்குக் கிடைத்ததெல்லாம் "பொறுத்துக்கொள்ளுங்கள், வெளியே வராதீர்கள்" என்ற வேண்டுகோள்தான். காரணத்தை எடுத்துச் சொல்லியிருந்தால் மக்களுக்குப் புரிந்திருக்கும். கணக்கு அவ்வளவு கடினமானதல்ல.

ஊரடங்கால் வைரஸ் ஒழியாது. அது சில நாட்களை வாங்கித் தரும், அவ்வளவே. அந்த நாட்கள் எதற்குத் தேவைப்பட்டன, அவற்றை ஏன் அவ்வளவு அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பதைப் பார்க்க, முதலில் வைரஸின் வேகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கொரோனா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஆறு சுற்று. முகக்கவசம், கூட்டக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கும் ஓர் ஊரில், தொற்றிய 10 பேர் சேர்ந்து 12 பேருக்குப் பரப்புகிறார்கள் என்றால், ஒரு மாதத்தில் நோயாளிகள் மூன்று மடங்காவார்கள். மருத்துவமனை திணறும், ஆனால் தாங்கும். இப்போது அதே ஊர், அதே கட்டுப்பாடுகள். வைரஸ் மட்டும் 60 சதவீதம் கூடுதலாகப் பரவும் திரிபாக மாறிவிடுகிறது. 10 பேர் இப்போது 19 பேருக்குப் பரப்புகிறார்கள். ஆறு சுற்று முடியும்போது நோயாளிகள் ஐம்பது மடங்கு. யாரும் அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை, யாரும் விதி மீறவில்லை. ஆனாலும் ஐம்பது மடங்கு.

ஆளைக் கொல்லும் தன்மை 60 சதவீதம் கூடிய வைரஸைவிட, பரவும் தன்மை 60 சதவீதம் கூடிய வைரஸ் ஆபத்தானதாவது இப்படித்தான். கொல்லும் தன்மை மட்டும் கூடியிருந்தால் மரணங்கள் ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டுவதோடு நிற்கும். பரவும் தன்மையோ ஒவ்வொரு சுற்றிலும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 2020 செப்டம்பரில் எடுத்த மாதிரிகளில் தென்பட்ட ஆல்ஃபா திரிபு முதலில் இதைக் காட்டியது. உலகிலேயே முதல் ஆளாக 2020 டிசம்பர் 8 அன்று பொதுமக்களுக்கு ஃபைசர் ஊசி போடத் தொடங்கிய பிரிட்டன், ஒரு மாதம் ஆவதற்குள் ஜனவரி முதல் வாரத்தில் முழு ஊரடங்குக்குள் போனது அதனால்தான். டெல்டா அதையும் மிஞ்சியது. 2020 அக்டோபரில் இந்தியாவில் எடுத்த மாதிரிகளில் முதலில் கண்டறியப்பட்ட இந்தத் திரிபு, ஆல்ஃபாவைவிட 40 முதல் 60 சதவீதம் வேகமாகப் பரவியது. உலக சுகாதார நிறுவனம் இதைக் கவலைக்குரிய திரிபு என்று வகைப்படுத்தியது 2021 மே இரண்டாம் வாரத்தில். அதற்குள் சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் 108 ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

பலர் நம்பிய ஒரு தவறான செய்தியை இங்கேயே தீர்த்துவிடலாம். ஊசி போட்டதால்தான் வைரஸ் உருமாறியது என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றியது. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா நான்கின் முதல் மாதிரிகளும் 2020 நவம்பருக்குள் எடுக்கப்பட்டவை. மக்களுக்கு ஊசி போடத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். வைரஸ் உருமாறுவது பரவும்போது. எவ்வளவு பேரிடம் பரவுகிறதோ அவ்வளவு வாய்ப்பு.

ஊசிக்கு வேண்டிய வாரங்கள்

ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. முதல் தவணைக்குப் பிறகு உடல் ஓரளவு தயாராக இரண்டு மூன்று வாரம் ஆகும். இரண்டாம் தவணைக்குப் பிறகு மேலும் இரண்டு வாரம். ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காய்ச்சல் வந்தவர்கள் "ஊசியாலதான் வந்துச்சு" என்று நினைத்ததில் வியப்பில்லை. கொள்ளை நோய் உச்சத்தில் இருக்கும்போது ஊசி போட்டால் இப்படிச் சிலருக்கு நடக்கத்தான் செய்யும்; ஊசிக்கு முந்தைய நாளோ மறுநாளோ தொற்றியிருக்கும்.

டெல்டா இந்த இடைவெளியை இன்னும் ஆபத்தாக்கியது. நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும், பிரிட்டனில் போட்ட ஆஸ்ட்ராஜெனகாவும் ஒரே ஊசி. டெல்டாவால் அறிகுறியோடு நோய் வராமல் தடுப்பதில் அதன் ஒரு தவணையின் திறன் 30 சதவீத அளவே என்று பிரிட்டன் தரவுகள் காட்டின. இரண்டு தவணைக்கு அது 60 முதல் 67 சதவீதம். ஆனால் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றாமல் தடுப்பதில் ஒரு தவணையே 71 சதவீதம், இரண்டு தவணை 92 சதவீதம். அந்த ஆண்டு முழுவதும் நடந்த வாதங்கள் இந்த எண்களைச் சுற்றித்தான் நடந்தன.

2021 மே 13 அன்று இந்திய அரசு கோவிஷீல்டின் இரண்டு தவணைகளுக்கு இடையிலான காலத்தை 12 முதல் 16 வாரமாக நீட்டியது. தொடக்கத்தில் 4 வாரமாக இருந்தது, மார்ச்சில் 6 முதல் 8 வாரமானது, இப்போது இது. மறுநாள் மே 14 அன்று பிரிட்டன் அரசு, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதே இடைவெளியை 12 வாரத்திலிருந்து 8 வாரமாகக் குறைத்தது. ஒரே ஊசி, ஒரே திரிபு, ஒரு நாள் வித்தியாசம், நேரெதிரான முடிவு. இங்கே குழப்பம் வராமல் என்ன செய்யும்? இரண்டாம் தவணைக்காக வரிசையில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பிய செவிலியர்கள் வாங்கிய வசவு கொஞ்சமல்ல.

இரண்டு முடிவுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. பிரிட்டனில் முதியோரில் பெரும்பாலோர் முதல் தவணையை ஏற்கெனவே முடித்துவிட்டார்கள், கையில் ஊசியும் இருந்தது. டெல்டா பரவுமுன் அவர்களின் பாதுகாப்பை முழுமையாக்குவதுதான் அங்கே மிச்சமிருந்த வேலை. இங்கே ஊசி கிடையாது. இருப்பதை முதல் தவணையாகப் பலருக்குக் கொடுத்தால் அதிக உயிர்கள் பிழைக்கும் என்ற கணக்கில் தவறில்லை. ஆனால் அதற்கு ஆதாரமாகச் சுட்டிய பிரிட்டன் அனுபவம் ஆல்ஃபா காலத்தது. நம் தெருவில் அப்போது இருந்தது டெல்டா. முதல் தவணையை மார்ச்சிலேயே போட்டுவிட்ட 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ளவர்கள் ஆகியோருக்காவது விலக்கு கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அலை உச்சத்தில் இருந்தபோது பாதிப் பாதுகாப்போடு அவர்களைக் காத்திருக்க வைத்தோம்.

ஊசி வேலை செய்ததா என்பதற்குச் சான்று தேடி வெளிநாட்டுக்குப் போகவே வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல்துறை இருக்கிறது. முன்களப் பணியாளர்கள் என்பதால் காவலர்களுக்கு பிப்ரவரி முதலே ஊசி கிடைத்தது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து 1,17,524 காவலர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தன. இரண்டாம் அலை ஏறிய ஏப்ரல் 13 முதல் மே 14 வரையிலான ஒரு மாதத்தில் கோவிட்டால் இறந்தவர்கள் 31 பேர். ஊசியே போடாத 17,059 பேரில் 20 மரணம். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7. இரண்டும் போட்ட 67,673 பேரில் 4.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊரடங்கில் வெயிலில் நின்று வண்டிகளை நிறுத்தி, நாள் முழுக்க நூறு பேரோடு பேசிய மனிதர்கள் இவர்கள். வீட்டுக்குள் இருந்து தப்பித்தவர்கள் அல்ல. ஊசி போடாமல் விட்டவர்களில் ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்கள் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கலாம் என்பதையும் மறக்காமல் பார்த்தாலும், ஆயிரத்துக்கு 1.17 என்பது 0.06 ஆனது சாதாரண வித்தியாசமில்லை. ஒரு தவணைக்கு 82 சதவீதம், இரண்டு தவணைக்கு 95 சதவீதம் மரணத்திலிருந்து பாதுகாப்பு என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் ஒவ்வொரு ஊர் டீக்கடையிலும் ஒட்டியிருக்க வேண்டிய கணக்கு இது.

குப்பி இருந்த காலம், கூட்டம் வந்த காலம்

இவ்வளவு நல்ல ஊசி ஜனவரி 16 முதல் இருந்தும் மே மாதத்தில் நாம் ஏன் அந்த நிலையில் இருந்தோம்? எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான்.

மார்ச் மாதத்து ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கோவிஷீல்டு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். மிச்சம் கீழே கொட்டத்தான் வேண்டும். ஆறு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "இன்னும் நாலு பேர் வரட்டும் பாட்டி, செத்த நேரம் உட்காருங்க" என்கிறார் செவிலியர். பாட்டி அரைமணி பார்க்கிறார், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விடுகிறார். மறுநாள் வருவாரா என்பது தெரியாது. செவிலியர் மனமிரங்கி ஆறு பேருக்காகத் திறந்தால் நாலு பேருக்கான மருந்து வீண். ஏப்ரலில் வந்த ஒன்றிய அரசின் கணக்குப்படி தமிழ்நாட்டில் வீணானது 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், நாட்டிலேயே அதிகம். செவிலியரின் கவனக்குறைவு என்று சிலர் எழுதினார்கள். ஆள் வராததுதான் காரணம். அதே செவிலியர்கள்தான் கூட்டம் வரத் தொடங்கியதும் குப்பியில் கூடுதலாக இருக்கும் சொட்டு மருந்தையும் விடாமல் ஊசியில் ஏற்றிப் பதினோராவது ஆளுக்கும் போட்டார்கள். கொடுத்ததைவிட அதிகம் பேருக்குப் போட்ட மாநிலமாகத் தமிழ்நாடு பிறகு பெயர் வாங்கியது அவர்களால்.

ஆட்கள் வராததற்கு அலை ஓய்ந்திருந்த நிம்மதி ஒரு காரணம். தேர்தல் பரப்புரையில் கட்சி வேறுபாடில்லாமல் கூடிய கூட்டம், நோய் போய்விட்டது என்ற எண்ணத்தை இன்னும் உறுதியாக்கியது. பிறகு ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லத்தான் அங்கே போயிருந்தார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மறைவு. ஊசிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். தேசியக் குழு ஆராய்ந்து அதை உறுதிசெய்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஆறு மாதமும் சந்தேகம் தன் வேலையைச் செய்தது. மக்கள் மனதில் இருந்த பயத்தைக் கேலி செய்யாமல், அந்த ஆய்வை ஆறு வாரத்தில் முடித்து வெளியிட்டிருந்தால் எத்தனை முதியவர்கள் முன்னதாக வந்திருப்பார்கள்!

மே மாதம் நிலைமை தலைகீழ். பயம் வந்ததும் மக்கள் வந்தார்கள், குப்பி இல்லை. மே 1 முதல் 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் என்று அறிவிப்பு வந்தது. நாட்டில் அந்த வயதினர் 94 கோடி. இரண்டு தவணைக்கு 188 கோடி ஊசி வேண்டும். அப்போது சீரம் நிறுவனத்தின் மாத உற்பத்தி 6 முதல் 7 கோடி. ஒன்றிய அரசுக்கு ஒரு விலை, மாநிலங்களுக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைகளுக்கு இன்னொரு விலை என்று வைத்து, மாநிலங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். தமிழ்நாடு உலகளாவிய டெண்டர் விட்டது. ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. ஜூன் முதல் வாரத்தில் பல மாவட்டங்களில் இருப்பு தீர்ந்து ஊசி போடும் பணி நின்றது. செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் கட்டப்பட்ட ஒன்றிய அரசின் தடுப்பூசி வளாகம் ஒரு குப்பிகூடத் தயாரிக்காமல் நின்றது இந்த நேரத்தில்தான். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மே மாதக் கடைசியில் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்திடம் ஒப்படையுங்கள் என்று கேட்டும் அது இயங்கவில்லை.

ஆக மே 10இல் கடையை மூடச் சொன்னதற்கான விடை இது: திரிபு ஐந்து நாளுக்கொரு சுற்றாக ஓடியது, ஊசி பலன் தர ஐந்து வாரத்துக்கு மேல் வேண்டும், ஊசியோ கையில் இல்லை. படுக்கையையும் ஆக்சிஜனையும் ஊசியையும் திரட்டும்வரை பரவலை மெதுவாக்க வேறு வழி எதுவும் மிச்சமிருக்கவில்லை.

மூடிய பிறகும் ஏறிய எண்ணிக்கை

ஊரடங்கு தொடங்கிப் பதினோரு நாள் ஆன மே 21 அன்று, ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று பதிவானது. தமிழ்நாட்டில் அதுவரை காணாத உச்சம். "மூடியும் குறையலையே" என்று பலர் சோர்ந்தார்கள். இன்று பதிவாகும் எண், ஒரு வாரம் பத்து நாளைக்கு முன் நடந்த பரவலின் கணக்கு. தொற்றி, அறிகுறி தெரிந்து, ஆர்டி-பிசிஆர் எடுத்து, முடிவு வர அவ்வளவு நாள் பிடிக்கிறது. ஊரடங்குக்கு முன் தொற்றியவர் வீட்டுக்குள் அடைந்ததும், ஒரே அறையில் வாழும் ஐந்து பேருக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும். தனியறையும் தனிக் கழிப்பறையும் இருப்பவர்களுக்குத்தான் வீட்டுத் தனிமை என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டு. மரணங்களின் உச்சம் அதைவிடத் தாமதமாக, மாதக் கடைசியில் வந்தது. அரசுக் கணக்கில் வந்தவை மட்டுமே ஒரே நாளில் 490க்கு மேல்.

மே 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு என்று அறிவித்தபோது ஒரு தவறு நடந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் கடைகளை இரவு 9 மணிவரை திறக்கவும், வெளியூர்ப் பேருந்துகளை ஓட்டவும் அனுமதித்தார்கள். மக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் தோளோடு தோள் உரசிய கூட்டம். 2020 ஏப்ரல் 25 அன்று நான்கு நாள் முழு அடைப்புக்கு முன் இதே போல் கூட்டம் முண்டியடித்ததும், அடுத்த சில நாளில் கோயம்பேடு சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்குத் தொற்று போனதும் நாம் பார்த்தவையே. ரெம்டெசிவிர் விற்பனையும் இப்படித்தான். மரணத்தைக் குறைப்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்ட அந்த மருந்துக்காக, கீழ்ப்பாக்கத்தில் இரவு பகலாக வரிசை நின்றது. அப்பாவையோ மனைவியையோ மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்தவர்கள், அவர்களே தொற்றைச் சுமந்துகொண்டு நின்ற வரிசை. விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றியும் கூட்டம் அடங்காததால், மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கும் முடிவு வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

சரியாக நடந்தவையும் உண்டு. மே 14இல் முதல் ஆக்சிஜன் ரயில் தண்டையார்பேட்டை வந்து சேர்ந்தது. வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டுப் போன களப்பணியாளர்கள், தெருவுக்கு வந்த காய்கறி வண்டிகள், அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய். வாடகையும் வட்டியும் கட்ட அது போதாது. ஆனால் வீட்டிலிரு என்று சொல்லும் அரசு, வீட்டிலிருக்கும் நாளுக்கு ஏதாவது தர வேண்டும் என்ற கொள்கை அதில் இருந்தது. ஊரடங்கின் பலன் எல்லோருக்கும் கிடைக்கிறது, செலவு மட்டும் தினக்கூலிக்காரர், தள்ளுவண்டிக்காரர், வீட்டுவேலை செய்யும் அக்காக்கள் தலையில் விழுகிறது. அந்தச் செலவைப் பொதுப் பணத்திலிருந்து ஈடுசெய்வது கடமை.

ஜூன் நடுவில் தினசரித் தொற்று 13 ஆயிரத்துக்குக் கீழ் வந்தது, மாத முடிவில் 5 ஆயிரத்துக்குக் கீழ். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களிலும் காவிரிப் படுகை மாவட்டங்களிலும் இறங்க நாளானது. 11 மாவட்டங்களுக்குத் தளர்வைத் தள்ளிவைத்து, மற்றவற்றைத் திறந்தார்கள். மாநிலம் முழுவதையும் ஒரே மாதிரி பூட்டாமல் மாவட்ட நிலவரம் பார்த்துத் திறந்தது நல்ல முடிவு. இறங்கியதற்கு ஊரடங்கு மட்டும் காரணமில்லை. பல லட்சம் பேர் நோய்வாய்ப்பட்டு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டதும் சேர்ந்த காரணம். ஜூலை, ஆகஸ்டில் எடுத்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரிடம் எதிர்ப்புப் புரதம் இருந்தது. அந்த எதிர்ப்பாற்றலுக்குக் கொடுத்த விலை என்ன என்பது, அந்த மே மாதத்தில் யாரையாவது இழந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

ஜூன் 21 முதல் ஒன்றிய அரசே ஊசியை வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகத் தரத் தொடங்கியது. வரத்து சீரானதும் தமிழ்நாட்டின் பழைய பலமான பொது சுகாதாரக் கட்டமைப்பு வேலை செய்தது. செப்டம்பர் 12 அன்று 40 ஆயிரம் இடங்களில் நடந்த முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் போட்டார்கள். ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று நம்பிப் பலர் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வராமல் தவிர்ப்பது தெரிந்ததும், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். வராதவர்களைத் திட்டாமல், ஏன் வரவில்லை என்று கேட்டு நாளை மாற்றிய இந்தச் சின்ன முடிவு, பல விளம்பரங்களைவிட அதிகம் செய்தது என்று நம்புகிறேன். இதே அணுகுமுறை மார்ச்சில் இருந்திருக்கலாம்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் திரிபின் அலை வந்தது, டெல்டாவையும் மிஞ்சிய வேகத்தில். தினசரித் தொற்று மீண்டும் 30 ஆயிரத்தைத் தாண்டியது. எட்டு மாதத்துக்கு முன் இதே அளவு எண்ணிக்கையில் நாளுக்கு நானூறு, ஐந்நூறு பேர் இறந்தார்கள். இப்போது அலை உச்சத்திலும் நாளுக்கு 50 அளவில் நின்றது. ஒமிக்ரான் நுரையீரலைக் குறைவாகத் தாக்கியது ஒரு காரணம், முன்பே தொற்றியவர்களின் எதிர்ப்பாற்றல் இன்னொன்று, ஊசி மூன்றாவது. அரசு இரவு ஊரடங்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் போட்டு, ஜனவரி 28இல் அவற்றையும் எடுத்துவிட்டது. பிப்ரவரி 1இல் பள்ளிகள் திறந்தன. சுகாதாரப் பணியாளர்கள் கையில் அப்போது இருந்தது, இரண்டாம் தவணைக்கு நாள் கடந்தும் வராத 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் முகவரிப் பட்டியல். அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள்.